கீழ்க்கணக்கிலிருந்து வந்த பிடியரிசி

என் அக்கா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் மூன்று வருஷம் இருந்தேன். செத்துவிட்டாள் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது முடித்திருப்பேன். ஒன்றும் தெரியாமல் இருந்தேனே, அதுதான் தாங்கவில்லை. சோறு பிசையும்போது நினைப்பு வரும். ஆஸ்பத்திரியில் யாராவது ஒருத்தி அக்கா சாயலில் வந்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது.

என் பெயர் தயாமணி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்க்கிறேன். சபையில் என்னை எல்லோருக்கும் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்றும் தெரியும். அந்த வாயால் நான் செய்த தப்பையும், ஆண்டவர் அதைத் திருப்பிப் போட்ட விதத்தையும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று போதகர் ஐயா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாலு வருஷம் கழித்து இப்போதுதான் தைரியம் வந்தது.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில். கடலோரச் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் எங்கள் காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத்தான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார்கள். அக்கா பெயர் ரூத். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பெண் கேட்டு வந்த ஞானமுத்து மாமா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அக்காவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவள் சொல்லச் சொல்ல மாமா எழுதிய கடிதம் வந்துவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்துமசுக்குக் கடிதம் வரவில்லை. நான் மூன்று கடிதம் போட்டேன். ஒன்று திரும்பி வந்தது. அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது, ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். சிலோனில் அரிசிப் பஞ்சம், தோட்டத்து ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

அப்போதுதான் ஒரு பொருத்தனை செய்தேன். அக்காவைப் பற்றி நல்ல செய்தி காதில் விழும்வரை வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டேன் என்று முழங்காலில் நின்று சொன்னேன். ஒரு வெள்ளிகூட விடவில்லை. காய்ச்சலிலும் விடவில்லை. போகப்போக அந்த உபவாசம்தான் அக்காவின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குள் ஒரு எண்ணம் வேர்விட்டுவிட்டது. ஒரு வெள்ளி நான் சாப்பிட்டால் அக்கா போய்விடுவாள். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் நம்பினேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம், சிலோன் மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் சபைக்கு அழைப்பு வந்தது. சின்ன ஆலயம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், இரண்டு வாரம் வந்து கூட்டம் நடத்திக் கொடுங்கள் என்று அங்கிருந்த உபதேசியார் எழுதியிருந்தார். போதகர் ஐயாவோடு ஆறு பேர் கிளம்பினோம். பெண்கள் என்றால் நானும் பாட்டுப் பாடும் கமலாவும்தான். ஊழியத்துக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மனசுக்குள் அக்காதான் இருந்தாள். ஆண்டவருக்கு அது தெரியும்.

செங்கல்பட்டில் ராமேஸ்வரம் ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்து மலை ஏறினோம். கடலோரத்தில் பிறந்த எனக்கே கப்பலில் குடல் வெளியே வந்துவிட்டது. மலையில் குளிர், மழை, காலில் அட்டை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள்.

வந்து சேர்ந்த அன்றிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். உபதேசியாரைக் கேட்டேன், கங்காணியைக் கேட்டேன், தோட்டத்து ஆபீசில் பேர் எழுதுகிறவரைக் கேட்டேன். ஞானமுத்து குடும்பம், ஞானமுத்து சம்சாரம் என்றுதான் கேட்டேன். கல்யாணமான பொம்பளையைப் புருஷன் பேரைச் சொல்லித்தானே விசாரிப்போம். அந்தப் பெயரில் ஆளே இல்லை என்று எல்லோரும் கையை விரித்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் விசாரித்ததிலும் அதே பதில்தான். வியாழக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கோபம். யார்மேல் என்றால், ஆண்டவர்மேல்தான். இவ்வளவு தூரம் கூட்டி வந்தது இதற்கா என்று கேட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் பேச்சுச் சத்தம். லயம் என்கிற வரிசைக் குடியிருப்புப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தலை குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். முன்னால் வந்த செல்லம்மா என்ற அம்மாள் தலையில் ஒரு பெரிய பானை. திறந்தார்கள். வெள்ளைச் சோறு. அதுவரை அந்த மலையில் கோதுமை ரொட்டியும் மரவள்ளிக் கிழங்கும் தவிர நாங்கள் எதையும் பார்த்ததில்லை. எங்களோடு வந்த பாட்டுக்காரப் பையன்கள் இரண்டு பேரும் இலையை எடுத்துப் போட்டுவிட்டார்கள். போதகர் ஐயா கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். இன்று வெள்ளிக்கிழமை, நாங்கள் உபவாசம், எங்களுக்குத் தண்ணீர் போதும் என்று சொன்னேன். 'நாங்கள்' என்றேன். என்னோடு வந்தவர்களில் யாருக்கும் வெள்ளி உபவாசம் கிடையாது. ஆனால் ஒருத்தி உபவாசம் என்று சொன்ன பிறகு ஊழியத்துக்கு வந்தவர்கள் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? போதகர் ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பையன்கள் இலையை மடித்தார்கள். கமலா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

சரிங்க என்று செல்லம்மா பானையைத் துணியால் மூடினார். எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. சற்று நேரம் கழித்து லயத்துப் பக்கம் தண்ணீர் பிடிக்கப் போனேன். அங்கே முற்றத்தில் அந்தப் பானை மூடியது மூடியபடி இருந்தது. சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தொடவில்லை. பிள்ளைகளுக்குப் போடக் கூடாதா என்று செல்லம்மாவைக் கேட்டேன்.

"அது பிடியரிசிங்க. ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சது. ஊழியக்காரங்க கை வைக்காம நாங்க தொடமாட்டோம்."

பிடியரிசி எனக்குத் தெரியாததா? எங்கள் சபையிலும் உண்டு. உலை வைக்கும்போது ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டுபோய்க் கொட்டுவோம். ஆனால் நாங்கள் எடுப்பது இருப்பதிலிருந்து. இவர்களுக்கு ரேஷனில் அரிசி கிடைப்பதே அபூர்வம். நாங்கள் வருகிறோம் என்று உபதேசியார் சொன்ன நாளிலிருந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டிய அரிசியில் பிடிப்பிடியாக எடுத்து வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சோற்றைத்தான் நான் வேண்டாம் என்றேன். வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தண்ணீர் விழும் பீலிக்குப் பின்னால் போய் நின்றேன். சாப்பிட்டால் பொருத்தனை உடையும். பொருத்தனை உடைந்தால் அக்கா போய்விடுவாள். சாப்பிடாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பானையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஆண்டவரே, என்னால் முடியவில்லை, அக்காவை இத்தனை நாளும் நான் பிடித்து வைத்திருந்ததாக நினைத்தேன், இனி நீரே பிடித்துக்கொள்ளும் என்று அழுதேன். அந்த மூன்று வருஷத்தில் நான் செய்த உண்மையான ஜெபம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஐயா, எழுந்து வாருங்கள், தப்பு என்னுடையது, சாப்பிடுவோம் என்றேன். போதகர் ஐயா உடனே எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வந்தார். செல்லம்மாவின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். லயத்து முற்றத்திலேயே எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். பிள்ளைகளை எங்கள் நடுவில் உட்கார வைத்தோம். போதகர் ஐயா ஜெபித்து முதல் வாய் சோற்றைப் பக்கத்திலிருந்த குழந்தைக்கு ஊட்டினார். அதற்குப் பிறகு அந்த இடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. முதல் கவளத்தை வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

செல்லம்மா இப்போது வாய் நிறையப் பேசினார். யார் யார் வீட்டு அரிசி என்று ஒவ்வொருவராகக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கீழ்க்கணக்குலருந்துகூட ஒரு அக்கா குடுத்தனுப்பினாங்க. காலு வீங்கி நடக்க முடியாம கெடக்குறவங்க. செங்கல்பட்டுக்காரங்க வர்றாங்களாமே, என் ஊரு ஆளுங்க வாயில என் அரிசி ஒரு பருக்கையாவது போகட்டும்னு அழுதாங்க."

அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு பிரிவையும் ஒரு கணக்கு என்பார்கள். கீழ்க்கணக்கு மலைக்கு அடியில், இரண்டு மைல் தள்ளி இருந்தது. என் கையிலிருந்த சோறு இலையில் விழுந்துவிட்டது.

"அவங்க பேரு இன்னாம்மா?"

"ரூத்தக்கா. புருஷன் பழைய தோட்டத்துலயே தவறிட்டாரு. மக வூட்டுல இருக்காங்க."

கமலாதான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். செத்துப்போன மனுஷன் பெயரைச் சொல்லிக்கொண்டு மலை முழுக்கத் தேடியிருக்கிறேன். அந்தப் பெயர் எந்தப் பதிவில் இருக்கும்? கடிதம் எழுத மாமாவும் இல்லை. பிற்பாடு அக்காவின் மருமகன் எழுதிய ஒரு கடிதமும் எங்கள் பழைய காலனிக்குத்தான் போயிருக்கிறது. நாங்களோ அதற்குள் செங்கல்பட்டுக்குக் குடிவந்துவிட்டோம். தங்கச்சி என்னைக் கைகழுவிவிட்டாள் என்று அவளும் நினைத்திருக்கிறாள்.

இருந்த சோற்றில் கொஞ்சம் ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு, செல்லம்மா முன்னால் நடக்க, மழையில் இறங்கினேன். வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். கீழ்க்கணக்கு லயத்தின் கடைசி அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கிழவி சுவரில் சாய்ந்திருந்தாள். கிழவி என்று நினைத்தேன். அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயதுதான்.

அவள் என்னையே பார்த்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். இருபது வருஷமாக வேறு ஜனங்களோடு இருந்தவள், எங்கள் ஊர்ப் பேச்சை மறந்திருப்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாடி மணி, அங்கியே நின்னுகினு கீற? உள்ள வா."

அப்புறம் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. தூக்கைத் திறந்து சோற்றை ஊட்டினேன். அவள் கொடுத்த அரிசிதான். மூன்று வாய் வாங்கிக்கொண்டு, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் அக்கா என்றேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, அப்படிச் சொல்ல?

அதற்கப்புறம் நாங்கள் அங்கிருந்த நாட்களில் கூட்டம் எப்படி நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கமலா நன்றாகப் பாடினாளாம். நான் அக்கா காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். போதகர் ஐயா ஒரு சாயங்காலம் சபை முழுவதையும் கூட்டிக்கொண்டு கீழ்க்கணக்குக்கே வந்து ஜெபித்தார். பிரசங்கம் செய்ய வந்தோம், சோறு போட்டு இந்த ஜனங்கள்தான் நமக்குப் பிரசங்கம் பண்ணினார்கள் என்று அன்று சொன்னார்.

அக்கா குடும்பம் ஏற்கெனவே இந்தியா திரும்ப எழுதிக்கொடுத்திருந்தது. அடுத்த வருஷம் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். மண்டபம் முகாமுக்குப் போய் நானே அழைத்து வந்தேன். வந்த புதிதில் வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்து பட்ட பாடு கொஞ்சம் அல்ல. இப்போது மருமகனுக்கு மரக்கடையில் வேலை. அக்காவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. எங்களுக்கு வாரம் ஒரு சண்டையாவது வரும். எனக்கு உப்புப் போடத் தெரியவில்லையாம்.

இப்போதும் நான் உபவாசம் இருக்கிறேன். ஆனால் ஆண்டவரிடம் பேரம் பேச இருப்பதில்லை. அவருடைய வேலையை என் பட்டினியால் நான் செய்துவிட முடியும் என்ற நினைப்பு அந்த மலையோடு போய்விட்டது. எனக்கு அதில் பெரிய நிம்மதி. ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத ஒருவருக்காக வருஷக்கணக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கலாம். விடாமல் கேளுங்கள். ஆண்டவர் காது கேளாதவர் அல்ல. நான் கேட்டது அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கேட்டுக்கொண்டே ரயிலிலும் கப்பலிலும் வந்த நாட்களில், அவர் அவளைக்கொண்டே எனக்கு அரிசி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.