உள்ளிருந்து திறக்காத கதவு

பொருள்களைப் பழசாக்குவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஜொகூர் பாருவில், தெப்ராவ் பக்கம் மின்சாதனங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவு. புதிதாகச் செய்த சுவிட்ச், ரிமோட், வானொலிப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஈரக்காற்றை விட்டு, சில வாரத்திலேயே பல வருடப் பழசாக்கி, எது முதலில் உடைகிறது என்று பார்ப்போம். "சம்பளமும் குடுத்து உடைக்கவும் சொல்றாங்க, இந்த மனுசனுக்கு வேற என்ன வேணும்" என்பாள் என் மனைவி. அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. உடைப்பவர்களைத் திருத்துவது அவள் உத்தியோகம்.

அந்த வேலையில் எனக்கு ஒரு குறை இருந்தது. பெட்டிக்குள் நடப்பது உண்மையான முதுமை இல்லை. ஒரு பொருள் தன் போக்கில், வெயிலிலும் மழையிலும், ஒரு குடும்பத்தோடு கிடந்து பழசாவதை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதனால் எங்களுடைய முதல் புதுக் காரை வாங்கிய அன்றே சொல்லிவிட்டேன், "இத விக்க மாட்டேன். கிளாசிக் ஆகுற வரைக்கும் வச்சிருந்து பாக்கப்போறேன்."

மனைவி காரைச் சுற்றி வந்தாள். தெருவுக்கு நாலு நிற்கும் சாதாரண உள்நாட்டுக் கார், பச்சை நிறம். "அலமாக், இதுவா? இது எப்பங்க கிளாசிக் ஆவுறது?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஜொகூர் பாருவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கம் ஒன்று உண்டு. இருபத்தைந்து வருடம் ஆனால்தான் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு முதல் நாள்வரை அது வெறும் பழைய கார். மறுநாள் காலையில் கிளாசிக். அந்த ஒரு ராத்திரியில் அதற்குள் என்னதான் நடக்கும்? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. வேறு ஆள்களுக்கு வேறு ஆசைகள் இருக்கும், என் புத்தி அப்படி.

முதல் இரண்டு வருடம் எல்லோரும் காரைப் பார்த்தார்கள். கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று, எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். கடன் முடிந்த கையோடு விற்பனையாளர் போன் செய்தார், புது மாடல் வந்திருக்கிறது, மாற்றிக்கொள்கிறீர்களா என்று. இங்கே அதுதான் வழக்கம், கடன் முடிந்தால் காரும் முடிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கேட்கவே வேண்டாம், காரைப் பழசாகவே விடமாட்டார்கள். நான் முடியாது என்றேன்.

பிறகு கொஞ்ச காலம் கார் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது. நிறுத்திய இடத்தில் நிற்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதற்கும் பிறகு பரிதாபக் காலம் வந்தது. "என்ன சார், இன்னும் அதே காரா? பையன் சிங்கப்பூர்ல நல்லா சம்பாதிக்கிறான்னு சொன்னாங்களே" என்று கடையில் வைத்து விசாரித்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்தியவர் புதுக் கார்களையெல்லாம் வாசலுக்கு அனுப்பிவிட்டு, என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் காட்டினார். "அங்க போட்டுக்குங்கண்ணே, நல்ல நிழலு." எனக்குச் சிரிப்புதான் வந்தது. பழசு என்பதில் எத்தனை படி இருக்கிறது பார் என்று வீடு வரும்வரை மனைவியிடம் விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் பட்டுச்சேலை மடிப்பைச் சரிசெய்தபடி வந்தாள்.

காருக்குள் நடந்ததும் நான் எதிர்பார்த்தது இல்லை. எஞ்சின்தான் தொல்லை கொடுக்கும் என்று பயந்திருந்தேன். அது கல் மாதிரி ஓடியது. முன்விளக்குகளுக்குத்தான் கண்புரை விழுந்தது. கூரையின் உள்துணி பசை விட்டுத் தொங்கி என் தலையைத் தடவ ஆரம்பித்தது. மனைவி பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையின் ஊசிகளைக் கொண்டுவந்து வரிசையாகக் குத்தி நிறுத்தினாள். கோத்தா திங்கியில் மாமனார் வீட்டுக்குப் போனால், ஆற்றையும் மேகத்தையும் பார்த்துவிட்டு மேட்டில்தான் நிறுத்துவேன். வெள்ளம் குடித்த கார் கிளாசிக் ஆகாது.

ஒருநாள் நல்ல வெயிலில் பாசாரிலிருந்து காய்கறியோடு வந்து இறங்கும்போது அவள் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி படக்கென்று ஒடிந்தது. "என்னங்க, கையோட வந்திருச்சு" என்று அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டினாள். பிளாஸ்டிக். ஒடிந்த இடம் வெளுத்துப்போய், பிஸ்கட் உடைந்தது மாதிரி இருந்தது. எங்கள் சூட்டுப் பெட்டியில் எத்தனையோ தடவை பார்த்த அதே உடைப்பு. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, பாத்தியா, இந்த இடத்துலதான் ஒடியும்!" என்றேன். "முதல்ல என்னைய வெளிய விடுங்க" என்றாள். சுற்றிப் போய் வெளியிலிருந்து திறந்துவிட்டேன்.

மறுநாளே போமேனிடம் போனேன். எங்கள் ஊரில் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். அந்தச் சாமான் இப்போது வருவதில்லை என்றார். பழைய கார்களை வெட்டி விற்கும் பொத்தோங் கடைகளில் ஏறி இறங்கினேன். அங்கே கிடந்த அதே மாடல் கார்களிலும் கைப்பிடி அதே இடத்தில்தான் ஒடிந்திருந்தது. அப்படியே வருடங்கள் ஓடின. தினமும் காலையில் அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோவேன், இறங்கிச் சுற்றிப் போய்க் கதவைத் திறப்பேன், அவள் பையோடு இறங்குவாள், நான் வேலைக்குப் போவேன். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

ஒரு காலை அவள் பள்ளிக்கு முந்திய முனையில், பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜி விற்கும் கடைப் பக்கம், "இங்கயே நிறுத்துங்க, நடந்து போய்க்கிறேன். ஸ்கூல் கேட்டுகிட்ட ஒரே ஜாமா இருக்கு" என்றாள். சரி என்று திறந்துவிட்டேன். அடுத்த நாளும் அங்கேயே. பிறகு அதுவே வழக்கமானது. வெயிலானாலும் தூறலானாலும் முனையில் இறங்கி நடந்தாள். பள்ளி விடுமுறையில் ஆசிரியர் கூட்டத்துக்குப் போன அன்று சாலையில் ஒரு வண்டி கிடையாது. அப்போதும், "இங்கயே நிறுத்துங்க."

தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஜாம் காரணம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் எது? பள்ளி வாசலில் நிற்கும் கார்களைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் பெரிய பெரிய புதுக் கார்கள். அன்றைக்கு அவள் முனையில் இறங்கும்போது கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் பளபளவென்று ஒரு காரில் கடந்து போனாள். என் மனைவி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஊரார் பரிதாபத்தை நான் சிரித்துத் தள்ளிவிட்டேன். இவளுக்கு இந்தக் காரில் வந்து இறங்குவது அவமானமாக இருக்கிறதென்றால் அதைத் தள்ள முடியவில்லை. என் வேடிக்கைக்கு இவள் தினமும் வெயிலில் நடப்பதா? போகட்டும், கிளாசிக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சங்கம் சேர்த்துக்கொள்ள இன்னும் ஒரு வருடம்கூடப் பாக்கி இல்லை.

இணையத்தில் விளம்பரம் போட்டேன். லாபிஸிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார். அன்று காலையில்தான் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஒரு நொடி நின்றாள்.

"எதுக்கு விக்கிறீங்க?"

"போதும்னு பட்டுச்சு."

"உங்க காரு" என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள். பாரம் இறங்கியது என்று நினைக்கிறாள் போலும் என்று எடுத்துக்கொண்டேன். அது இன்னும் வலித்தது.

வந்தவர் நாற்பது வயதுக்காரர், கொஞ்சம் செம்பனை நிலம் வைத்திருப்பவர். இந்த மாடல்மேல் அவருக்கு ஒரு பைத்தியம், வீட்டில் ஏற்கெனவே இரண்டு வைத்திருந்தார். எஞ்சினைப் பார்த்து, "அண்ணே, எங்கண்ணே ஒளிச்சி வச்சிருந்தீங்க" என்று கும்பிட்டார். கூரையில் குத்தியிருந்த ஊசிகளைப் பார்த்துச் சிரித்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், சாவியை அப்படியே விட்டுவிட்டு, உள்ளுக்குள்ளேயே நகர்ந்து என் மனைவியின் இருக்கையில் உட்கார்ந்து, முன்பெட்டியைத் திறந்து மூடி, இருக்கையை முன்னும் பின்னும் தள்ளிச் சோதித்தார். பிறகு இறங்கக் கையைக் கதவில் வைத்தார். அங்கே ஒடிந்த மொட்டைதான் இருந்தது.

"அது ரோசாக்கா போச்சு, ஒடஞ்சி ரொம்ப வருசமாச்சு, இருங்க, நான் வந்து தொறக்கிறேன்" என்று முன்பக்கமாகச் சுற்றி நடந்தேன்.

நான் போய்ச் சேருவதற்குள் அவர் பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கினார், கையை வெளியே விட்டார், வெளிக் கைப்பிடியை இழுத்தார், இறங்கி நின்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் சோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவன், அந்த இருக்கையில் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்கு இது தோன்றவே இல்லை. "அட, இவ்வளவுதானா!" என்று மனைவி பக்கம் திரும்பினேன். அவள் உலர்ந்த துணியை மறுபடியும் உதறிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஒடஞ்ச மறுநாளே தெரியும்."

லாபிஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கிட்ட ஒடையாத கைப்பிடி ரெண்டு மூணு கெடக்கு அக்கா, மாட்டிட்டா தீந்துச்சு" என்றார், ஏதோ உதவுகிற நினைப்பில்.

"மாட்டிட்டா இவரு எதுக்கு எறங்கி வரப்போறாரு" என்றாள் அவள்.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள், என்னைப் பார்க்காமல், துணியைப் பார்த்து. பள்ளி வாசலில் தினமும் நான் ஓடிப்போய்க் கதவு திறப்பதை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பார்த்துவைத்துக்கொண்டார்களாம். ஒருநாள் அவள் வகுப்புக்குப் போனபோது இரண்டு பேர் கதவைத் திறந்துபிடித்து, "வாங்க மகாராணி" என்று குனிந்தார்களாம். ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு, தலைமையாசிரியர்கூடச் சிரித்தாராம். பளபளக் கார் டீச்சர்தான் எல்லாரையும்விட மோசமாம். "வெக்கமா இருக்காதா? அதான் முனையில எறங்குனேன்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெட்கமாக இருந்தால் வாசலிலேயே கண்ணாடியை இறக்கித் தானே திறந்துகொண்டு இறங்கியிருக்கலாம். கேலியும் இருந்திருக்காது, வெயிலில் நடையும் இருந்திருக்காது. அவள் நடையைத்தான் எடுத்துக்கொண்டாள். சாவியைக் காரிலிருந்து உருவி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, நான் தே தாரேக் குடிச்சிட்டுக் கெளம்புறேன்" என்றார் லாபிஸ்காரர். "இந்தக் கார நீங்க விக்கமாட்டீங்க லா."

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கிளம்பினோம். பீசாங் கோரேங் கடை வந்ததும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"நேரா போங்க" என்றாள். "ரிட்டயராவ இன்னும் கொஞ்ச நாள்தான். பாத்துட்டுப் போவட்டும்."

வாசலில் நிறுத்தினேன். பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். பளபளக் கார் டீச்சரும் அப்போதுதான் இறங்கினாள். என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றியபடி, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கிச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் நிதானமாக இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"மெதுவா சாத்துங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கிளாசிக் காரு."

சங்கத்தின் கணக்கில் அதற்கு இன்னும் சில மாதங்கள் பாக்கி இருந்தன.