மூன்று நிமிட வணக்கம்

இத்தாலிய மேலவைப் பேச்சுகளை என்னளவுக்குக் கேட்ட தமிழ் ஆள் பலெர்மோவில் வேறெவரும் இல்லை. ரோமில் அந்தச் சபைக்குள் இருப்பவர்களிலேயே அவ்வளவு கேட்டவர்கள் குறைவு என்றுதான் நினைக்கிறேன். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில், ஒரு செனற்றர் வீட்டில் சமைத்து, துடைத்து, உடுப்புகளை அயன் பண்ணுகிறவன் நான். அவர் செவ்வாய்க்கிழமை ரோமுக்குப் போய் வியாழன் மாலை திரும்புவார். அந்த வாரப் பேச்சைத் திங்கள் காலையிலேயே எனக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்துவிடுவார்.

நாட்டை உலுக்குகிற பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய அலுவல் முடிந்து, மற்றவர்கள் விமானத்தைப் பிடிக்க எழும்பிய பிறகு, விரும்பியவர் விரும்பிய விஷயத்தை மூன்று நிமிடம் பேசலாம். அந்த மூன்று நிமிடத்துக்கு எங்கள் செனற்றர்தான் ராசா. மொண்டெல்லோக் கரையில் ஒதுங்கும் பாசி, பள்ளிக்கூடக் கூரையின் ஒழுக்கு, பிந்தி வரும் தீவுக் கப்பல் என்று எல்லாவற்றையும் பேசியிருக்கிறார். பாசி தன் பாட்டில் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது.

"செவிடன் காதில் ஊதின சங்கு என்று எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது," என்று ஒருநாள் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சங்கை நன்றாக ஊதினானா?"

அன்றிலிருந்து அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

நேரம் பார்ப்பது என் வேலை. முட்டை அவிக்க வைத்திருக்கும் மணியைத் திருகிவிட்டு, அவருடைய சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டே கேட்பேன். மணி அடித்தால் வாயை மூடிவிடுவார். சபையிலும் அப்படித்தான்; மூன்று நிமிடம் முடிந்ததும் ஒலிவாங்கி தானாக நின்றுவிடும்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு திங்கள், என் முகத்தைப் பார்த்து என்ன கவலை என்று கேட்டார். சொன்னேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காகக் காத்திருக்கிறேன். நான் சத்தியம் செய்யும் நாளில் என் மகளுக்குப் பதினெட்டு முடியாமல் இருந்தால், என்னோடு சேர்ந்து அவளுக்கும் கிடைத்துவிடும். முடிந்துவிட்டால் அவள் முதலிலிருந்து தனியாகத் தொடங்க வேண்டும். நாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். எங்களோடு சண்டை பிடிப்பதே சிசிலிக்காரியைப் போலக் கையை ஆட்டித்தான். பதினெட்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

செனற்றர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "இதைச் சபையில் சொல்கிறேன். அமைச்சின் ஆள் ஒருவராவது கேட்பார்."

அடுத்த திங்கள் பேச்சு தயார். நல்ல பேச்சு. ஆனால் எழும்பிய வேகத்தில் விஷயத்துக்குள் பாய்ந்தார். சாமியறைக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி எனக்கு ஒரு கூச்சம். நான் யார்? எங்கள் ஆட்களின் பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அறிவிப்பாளன்.

"உங்கள் ஆட்கள் எப்படித் தொடங்குவார்கள்?" என்று அவரே கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தொடங்கினேன். தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, ஒலி ஒளி அமைத்தவர்களே, வர விரும்பியும் வர முடியாமற் போன அன்பர்களே... செனற்றரின் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகு! எங்களிடம் ஒருவரும் ஒருவருக்கும் வணக்கம் சொல்வதில்லை." உடனே எழுதிக்கொண்டார். இரண்டு முறை பேசிப் பார்த்தார். இரண்டு முறையும் வணக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் நான் மணியைத் திருகினேன். எங்கள் மேடையில் வணக்கத்தை நேரக் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா?

புதன்கிழமை போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டு ரீவியில் சபை நேரடியாக ஓடியது. மேல்வீட்டு மன்னார் அக்கா செபமாலையோடு இறங்கி வந்திருந்தா. செனற்றர் எழும்பினார். தலைவருக்கு வணக்கம். சக உறுப்பினர்களுக்கு, அதாவது வெறுங் கதிரைகளுக்கு, வணக்கம். சுருக்கெழுத்தாளர்களுக்கு, தண்ணீர் கொண்டுவருகிறவருக்கு, வர முடியாமற் போனவர்களுக்கு.

"இஞ்சை பாருங்கோ, எங்கட ஆள் மாதிரியே கதைக்கிறார்!" என்றாள் மனைவி பெருமையோடு.

"தம்பி, இன்னும் ஆரைக் கும்பிடக் கிடக்கு?" என்றா அக்கா. "எங்கட சுவாமியாரே பூசையை இதுக்குள்ள முடிச்சிடுவார்."

மகள் திரையின் மூலையைக் காட்டினாள். "அப்பா, நேரம் ஓடுது."

"அது வணக்கத்துக்கு இல்லைப் பிள்ளை. இனித்தான் தொடங்கும்."

"ஆர் சொன்னது?"

நான்தான் சொன்னது. "இந்நாட்டில் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை..." என்று செனற்றர் வாயெடுத்தார். ஒலிவாங்கி நின்றது. அவருடைய வாய் மட்டும் அசைந்தது. தலைவர் புன்னகையோடு, மீதியை எழுத்தில் கொடுத்தால் பதிவேட்டில் சேர்க்கலாம் என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போட்டு முடிக்கவே நேரம் போய்விட்டது.

"எழுத்தில போகுதாம்தானே," என்றா அக்கா, செபமாலையைச் சுருட்டிக்கொண்டு. "ஆராவது வாசிப்பினம்."

வெள்ளிக்கிழமை செனற்றர் பூரிப்போடு இருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சுருக்கெழுத்தாளர்கள் வந்து கை கொடுத்தார்களாம். "உன் மகளுடைய விஷயம் முழுவதும் பதிவேட்டில் இருக்கிறது," என்றார். இருந்தது. அச்சில் பார்த்தேன். மூன்று நிமிடம் ஒழுங்காகப் பேசியிருந்தாலும், அந்த வெறுங் கதிரைகள் எழும்பிப் போய் என் கோப்பைத் தேடி எடுத்திருக்கப் போவதில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அறிவு ஒத்துக்கொள்கிறது, மனம்தான் இன்னும் விவாதத்துக்கு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

என் குடியுரிமைக் கடிதம் வந்தது. மகளுக்குப் பதினெட்டு முடிந்து பதினொரு நாள் கழித்து.

சத்தியம் செய்துவிட்டு வந்த மாலை, அவள் சமையலறை மேசையில் தன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனைக்குக் கையை நீட்டினேன். இந்த நாட்டில் அவளுடைய ஒவ்வொரு தாளிலும் நான்தானே கையெழுத்து வைத்தவன்.

அவள் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கு உங்கட கையெழுத்துத் தேவையில்லை அப்பா," என்றாள். "நான் மட்டும் வைச்சால் காணும்."