ஆணி குத்திய டயரில் ஒரு கல்யாணப் பயணம்: மாசாயிலிருந்து பத்து பகாட் வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் தங்கை மெர்லினை அவள் கல்யாணத்துக்கு நானே காரில் அழைத்துப் போனேன். மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து பகாட் தேவாலயம் வரை ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். பதினொன்றரைக்குத் திருப்பலி. அடுத்த திங்கட்கிழமையே அவள் கணவரோடு கடல் தாண்டிக் கோத்தா கினபாலுவில் குடியேறப் பறந்துவிடுவாள். அதனால் இந்த ஒரு பயணமாவது நாங்கள் இருவர் மட்டும் என்று வீட்டில் சண்டை போட்டு வாங்கியிருந்தேன். மற்ற எல்லாரும் வாடகை பஸ்ஸில் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

என் கார் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். பழையதுதான், ஆனால் என் சொந்தக் காசு. பாசீர் கூடாங் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துப் பார்த்து வாங்கியது. டயர்கள் தேய்ந்திருந்தன. கல்யாணக் கார் மொட்டை டயரில் போனால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? இரண்டு வாரத்துக்கு முன்பே என் கணவர் கதிரோடு தம்போயில் இருக்கும் ஒரு டயர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சேகர் அண்ணன் என்னைப் பார்த்ததும் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். “பத்தொன்பது இன்ச் போடுங்க தங்கச்சி. கறுப்பு ரிம்மு. ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க லா!”

பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ரிம் பெரிதானால் டயர் மெலிந்துபோகும். லாரிகள் உழுதுபோடும் மாசாய் சாலைக் குழிகளில் அடி நேராக ரிம்மில் விழும். அழகுக்கு ஆசைப்பட்டு வாராவாரம் ரிம் நெளிவெடுக்க எனக்குத் தெம்பில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பதினெட்டு அங்குலம் என்றேன்.

அடுத்த சண்டை ரன்-ஃபிளாட் டயருக்காக. பக்கச் சுவர் தடித்த டயர் இது. காற்று முழுக்கப் போனாலும் வண்டியின் எடையைத் தாங்கும். மணிக்கு எண்பதைத் தாண்டாமல் எண்பது கிலோமீட்டர் தூரம் வரை ஓடலாம் என்பது பொதுவான கணக்கு. என் காரில் மாற்றுச் சக்கரம் வைக்க இடமே கிடையாது. நடுவழியில் பஞ்சரானால் இழுவை லாரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

“சாதா டயருன்னா எழுநூறு வெள்ளி. இது ஆயிரத்து நூறு. சத்தம் வேற போடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்றார் சேகர் அண்ணன்.

கதிர் இன்னும் ஒரு படி மேலே போனார். “இந்த டயரு பத்து காசு மேல ஏறினா, தலையா பூவான்னு உள்ள இருந்தே சொல்லிடலாம்.”

டயர் அவ்வளவு விறைப்பாம். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் நாலு ரன்-ஃபிளாட் போட்டுக்கொண்டு வந்தேன். கதிர் சொன்னது உண்மைதான், தம்போயிலிருந்து மாசாய் வருவதற்குள் இடுப்பு கழன்றது. அதை மட்டும் நான் வாய் திறந்து சொல்லவில்லை.

கல்யாணத்தன்று அலங்காரம் முடிந்து ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினோம். மெர்லின் வெள்ளைப் பட்டுச் சேலையை மடிக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நெடுஞ்சாலை காலியாக இருந்தது, வண்டி வெண்ணெயில் கத்தி போலப் போனது. சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்பக்க இடது டயரில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குச் சற்று முன் மாச்சாப் ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்தேன். டயரில் ஓர் ஆணி. அதைச் சுற்றி எலுமிச்சைத் தோலும் காய்ந்த மிளகாய்க் காம்பும் ஒட்டியிருந்தன. புது டயர் என்பதால் என் மாமியார் பஸ் ஏறும் முன் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் கிறிஸ்தவள் என்றாலும் அதற்கெல்லாம் மறுப்புச் சொன்னதில்லை. போன் போட்டேன்.

“அத்தை, பழம் எங்கிருந்து எடுத்தீங்க?”

“ஃபிரிட்ஜுல மூணுதான்மா இருந்துச்சு. ஒண்ணு பத்தல. அதான் வாசல்ல திருஷ்டிக்குத் தொங்கினதுல ஒண்ணக் கழட்டி வச்சேன்.”

“அதுல குத்தியிருந்த ஆணிய எடுத்தீங்களா?”

“எந்த ஆணி?” என்றவர் அடுத்த நொடியே அலறினார். “அலமாக்!”

பஸ் முழுக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா மட்டும் சிரிக்காமல் போனைப் பிடுங்கினார். “அங்கயே நில்லுங்க. மாப்பிள்ள வீட்டுக் கார அனுப்பச் சொல்றேன்.”

தேவாலயம் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். கார் வந்து திரும்பிப் போவதற்குள் திருப்பலி நேரம் தப்பிவிடும். என் டயர் அந்தத் தூரத்தைத் தாங்க வேண்டும், காகிதக் கணக்குப்படி தாங்கும். ஆனால் காகிதம் வேறு, ரோடு வேறு. எல்லாரையும் எதிர்த்து வாங்கிய டயர். அது கைவிட்டால் என் தங்கை கல்யாணச் சேலையோடு நடுரோட்டில் நிற்பாள்.

மெர்லின் என்னிடமிருந்து போனை வாங்கினாள். “அப்பா, நான் அக்கா கூடத்தான் வருவேன்.”

அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம். இடது ஓரமாக, எழுபதில். பூ வைத்த ஸ்போர்ட்ஸ் காரைக் கோழி லாரியெல்லாம் முந்திப் போனது. ஹாரன் அடித்த ஒவ்வொருவருக்கும் மெர்லின் தேர்தலில் நிற்பவள் மாதிரி கையசைத்தாள். பிறகு கையை உள்ளே இழுத்து மடியிலிருந்த சேலையைச் சரிசெய்தாள்.

“அக்கா, கோத்தா கினபாலுல எனக்கு யாரையுமே தெரியாது.”

“பொறந்தப்ப இங்க மட்டும் யாரைத் தெரியும் உனக்கு? ஒரே வாரத்துல வீட்டையே ஆட்டி வச்சே.”

சிரித்தாள். மை கலையாமல் கண்ணைத் துடைக்க நான்தான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது.

ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். அங்கே வரிசையாக இருக்கும் பானைக் கடைகளை நான் எப்போதும் பறந்தபடியேதான் கடப்பேன். அன்றுதான் ஒவ்வொரு ஜாடியின் நிறமும் தெரிந்தது. சிக்னலில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கண்ணாடியைத் தட்டி, “காக், தாயார் பஞ்சிட்!” என்று மலாயில் சொல்லி, பஞ்சரான டயரைக் காட்டினார். “தாஹூ, பாங்!” என்று மெர்லின் கத்தினாள். தெரியுமாம். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், முடிவில் எனக்குப் பொறுமை இருக்காது. ரன்-ஃபிளாட் போட்டால் காற்றழுத்த சென்சார் வேலை செய்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். டயர் அவ்வளவு விறைப்பு, காற்று போனது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. நாலும் ஒரே வகையாக இருக்கட்டும். தயாரித்த வாரமும் வருடமும் டயரின் ஓரத்திலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள். காற்றில்லாமல் ஓட்டிய டயரை ஒட்டுப் போட்டு மறுபடி ஓட்டாதீர்கள். நான் அடுத்த வாரமே புதிது வாங்கினேன், சேகர் அண்ணன் இந்த முறை சிரிக்கவில்லை. பத்து பகாட் வழியில் மாச்சாப் ஓய்விடம் நிற்க வசதியானது. எலுமிச்சம்பழம் எண்ணி வாங்கி வையுங்கள். கல்யாணம் சொன்ன நேரத்துக்கு நடந்தது, அதில் கவலை வேண்டாம்.

தேவாலயத் தெருவுக்குள் திரும்பியபோது மணி பதினொன்று பத்து. வாசலில் அப்பா ஒரு கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன்.

“அக்கா, இந்த டயரு இன்னும் எவ்ளோ தூரம் ஓடும்?”

“ஒரு இருபது கிலோமீட்டர் ஓடும்.”

மெர்லின் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்போ ஒரு ரவுண்டு போலாம்.”

நிறுத்தாமல் அப்பாவைக் கடந்தேன். அவர் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார். “வந்துடுறோம்ப்பா!” என்று ஜன்னலுக்கு வெளியே மெர்லின் கத்தினாள். அந்த ஊரில் எனக்கு ஒரு தெருவும் தெரியாது. வரும் சிக்னல் எல்லாம் சிவப்பாகவே விழட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.