தரையில் மட்டும் மணந்த பெற்றோல்

என் வாப்பா கட்டாரில், எண்ணெய் ஊற்றெடுக்கிற மண்ணில் வேலை செய்தார். இங்கே எங்கள் வீட்டு ஆட்டோவுக்கு ஊற்ற ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. நாடே வரிசையில் நின்ற காலம் அது. உம்மாவுக்கு நிறைமாதம். வலி கண்டால் கல்முனை ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

உம்மாவின் தம்பி, என் மாமா, இரவு பகலாக வரிசையில் கிடந்து ஒரு கேன் பெற்றோல் கொண்டுவந்தார். கள்ளனுக்குப் பயந்து அதை உம்மாவின் கட்டிலுக்கடியில் ஒளித்தார். "ஒருத்தரிட்டயும் கதைக்கப்படாது" என்று என்னை எச்சரித்தார்.

வியாழக்கிழமை புழுக்கத்தில் கேன் உப்பிவிட்டது. மாமா மூடியைத் திறந்து காற்றை விட்டார். மறுபடி உப்பாமலிருக்க அதை இறுக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

நான் அந்த அறையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். குப்பென்று பெற்றோல் மணம் ஏறியது. எழுந்து நின்றேன், மணமே இல்லை. மறுபடி படுத்தேன், இருந்தது. ஜின்தான் தரையில் ஊர்கிறது என்று உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. நான் பல்லிக்கே அலறுகிற பயந்தாங்கொள்ளி.

மஃரிப் தொழுதுவிட்டு உம்மா சாம்பிராணிச் சட்டியோடு வந்தார். வியாழன் மாலை அறை அறையாகப் புகை காட்டுவது எங்கள் வழக்கம். நுளம்பு கடிக்காமலிருக்கச் சட்டியைக் கட்டிலுக்கடியிலும் தள்ளி வைப்பார். தணல் சிவந்து கிடந்தது.

"வராதீங்க உம்மா! பெற்றோல் மணக்கிது!"

உம்மா நின்றபடியே மூக்கை உறிஞ்சினார். "ஒண்டும் மணக்கல்லயே. தள்ளு புள்ள."

நான் நிலைப்படியில் விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன். மாமா ஓடிவந்தார். "புள்ளத்தாச்சிய விழுத்தப் போறியா?" என்று என்னைப் பிரிக்கக் குனிந்தவர், தரைக்கருகே முகம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. சட்டியை வாங்கி, ஓடாமல், மெல்ல நடந்துபோய் முற்றத்து மணலில் கவிழ்த்தார். கேனை வெளியே தென்னையடியில் வைத்தார்.

"கள்ளன் கொண்டு போனாப் போகட்டும்" என்றவர், அங்கேயே குந்தியிருந்து அழுதார். என்னோடுதான் கோபம் என்று நான் கலங்கிப்போனேன்.

பெற்றோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும், அந்த ஆவி காற்றைவிடக் கனம், தண்ணீரைப்போலத் தரையில் பரவி நெருப்பைத் தேடிப் போகும் என்பதெல்லாம் பிறகு இரசாயனவியல் வகுப்பில் படித்தேன். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கள்ளன் வரவில்லை. அந்தப் பெற்றோலில்தான் உம்மா கல்முனைக்குப் போய்த் தங்கச்சியைப் பெற்றுக்கொண்டு வந்தார். குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டும்போதெல்லாம் மாமா எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். பாவம், மாமாவுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்று அப்போது நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.