ஞானசெல்வி நிறுவிய மென்பொருளும் அது போன இடமும்

சங்கரன்கோவிலில் ஞானசெல்வியின் பேச்சைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடத்தியவர் யாரும் இல்லை. இத்தனைக்கும் அவள் அரசியல்வாதி அல்ல. தெருத்தெருவாகப் போகும் விளம்பர ஆட்டோவின் குரல். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, இலவசக் கண் முகாம், காணாமல் போன பசுமாடு, நாளைக்குத் தண்ணீர் வராது என்பது வரை எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்வது அவள்தான். போன உள்ளாட்சித் தேர்தலில் ஒரே வார்டில் நின்ற நான்கு வேட்பாளர்களுக்கும் அவளே ஓட்டுக் கேட்டாள். நான்கு பேரும் ஒரே குரலில், ஒரே சாக்கடையைச் சரிசெய்வதாக வாக்குக் கொடுத்ததால் மக்களுக்குக் கொள்கைக் குழப்பம் எதுவும் ஏற்படவில்லை. ஜெயித்தவர் நன்றி அறிவிக்கவும் அவளையே கூப்பிட்டார். சாக்கடையும் நன்றியோடு அப்படியே இருக்கிறது.

திருவேங்கடம் சாலையை ஒட்டிய சந்தில், வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தையும் முட்டை அட்டையும். கணவர் ஆனந்தகுமார் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டிலும் அவள் பேச்சு, வண்டியிலும் அவள் பேச்சு என்பதால், கல்யாணமானதிலிருந்து தனக்கு இடைவேளையே விடவில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

அந்தக் கூடத்தின் கம்ப்யூட்டர் வயதானது. அதில் ஓடிய விண்டோஸ் யாரோ யாரிடமோ நகலெடுத்தது. ஆடி மாதம் பிறந்த கையோடு அது படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மன்சூர் அலி வந்து பார்த்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார்.

"அக்கா, காசு கிடையாது, வைரஸ் கிடையாது. இனிமே இதுல விண்டோஸ்ங்கிற பேச்சுக்கே இடம் கிடையாது" என்று மூன்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். மூன்றையும் ஞானசெல்வி அப்படியே நம்பினாள்.

மறுநாள் காலையில் சண்முகையா வந்தார். கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தை நம்பிப் பெரிய பாத்திரக் கடை திறக்கிறவர். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"தாயி, சாயங்காலம் கடை தொறக்கோம். மூணு மணிக்கு ஆட்டோ தெருவுல இருக்கணும். இல்லன்னா நான் கம்ப்யூட்டரே பேசுத மெசின் குரலைப் போட்டுருவேன், பொறவு வருத்தப்படக் கூடாது."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லிட்டிய!"

"நான் என்ன செய்ய? பேனர் அடிச்சா மெசின் குரல் ஓசியாத் தாரான் அந்தப் பேனர் கடைப் பய. கேட்டேன். யாரோ மெட்ராஸ்காரி காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சுப் பேசுத மாதிரி இருக்கு. ஆனா ஓசியில்லா!"

ஞானசெல்வி உடனே கணக்குப் போட்டாள். ஊரிலேயே பெரிய கடைத் திறப்பு மெசினுக்குப் போய்விட்டால், நாளைக்கு டீக்கடைக்காரர்கூட மெசினைத்தான் கேட்பார். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் வாய். அதை மூடிக்கொண்டு உட்காரும் பழக்கம் அவளுக்கு இல்லை.

குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்ட அவள் வழக்கமாகப் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற மென்பொருள். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் அது இல்லை. விண்டோஸில் செய்தது போலவே வலைத்தளத்துக்குப் போய் இறக்கினாள். இரண்டு தடவை சொடுக்கினாள். அது அசையவே இல்லை. உடனே மன்சூர் அலிக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். 'அது விண்டோஸ் சரக்கு அக்கா, இங்க செல்லாது. கன்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்து அமுக்கி, இந்த வரியை அடிங்க' என்று பதில் வந்தது.

அமுக்கினாள். கறுப்பாக ஒரு பெட்டி திறந்தது. வரியை அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. அதையும் அடித்தாள். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், ஏசப்பாவை ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தாள். கடைசியில் வந்தது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து எண்டரைத் தட்டினாள். வரிகள் திருவிழாக் கூட்டம் போல ஓடின, சட்டென்று நின்றன. வாழ்த்துகள், வெற்றி, முடிந்தது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை இல்லை.

கறுப்புப் பெட்டியை மூடிவிட்டு டெஸ்க்டாப்பைப் பார்த்தாள். துடைத்துவிட்ட கூடம் போல இருந்தது.

இங்கேதான் அவளுக்கு மண்டை காய்ந்தது. விண்டோஸில் ஒன்றை நிறுவினால் அது சம்பந்தி போல நடுக்கூடத்தில் வந்து உட்காரும். இங்கே வந்தவர் எந்த அறைக்குள் நுழைந்தார் என்றே தெரியவில்லை. கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள். சி டிரைவைத் தேடினாள். அப்படி ஒன்றே இல்லை. வரவில்லையோ என்று அதே வரியைத் திரும்ப அடித்தாள். 'ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் புத்தம் புதுசு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் வந்தது, மறுபடியும் காணவில்லை.

"காணாமப் போன மாட்டுக்கெல்லாம் விளம்பரம் குடுக்க, இதுக்கும் ஒண்ணு குடு" என்றார் ஆனந்தகுமார். ஆட்டோவில் புதுக் குழாய் ஒலிபெருக்கி மாட்டி, அது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, மைக்கிலிருந்து வாசலுக்கு ஒரு வயரை இழுத்து ஆம்பிளிஃபையரில் செருகியிருந்தார்.

"ஏங்க, எரியுத கொள்ளியில எண்ணெய ஊத்தாதிய. போயி டீயக் குடிச்சிட்டு வாங்க."

சொன்ன சொல் தட்டாமல் போனார். ஆம்பிளிஃபையரை அணைக்காமலும் போனார்.

ஞானசெல்வி மன்சூர் அலியைப் போனில் பிடித்தாள். அவர் புளியங்குடியில் சொந்தக்காரர் கல்யாணத்தில், பிரியாணிப் பந்தியில் இருந்தார்.

"தம்பி, உங்க லினக்ஸ் எனக்குப் போக்குக் காட்டுது."

"தேடிப் பாத்தியளா அக்கா?"

"ஒரு இடம் பாக்கியில்ல."

"அப்ப அந்தக் கறுப்புப் பெட்டியில நான் சொல்லுதத அடிங்க. எங்கெல்லாம் உக்காந்திருக்குன்னு அதுவே சொல்லும். சொல்லுதத எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

அடித்தாள். கோப்புறைப் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. மைக் அவள் வாய்க்கு நேரே இருந்தது. பல வருடப் பழக்கம் லேசில் விடாது. மைக்கைக் கண்டால் அவள் குரல் தானாகவே இழுத்துக் கட்டும். வாசிக்கத் தொடங்கினாள்.

"ஸ்லாஷ்! யு எஸ் ஆர்! ஸ்லாஷ்! பின்! ஸ்லாஷ்! ஆடாசிட்டீ! ஸ்லாஷ்! யு எஸ் ஆர்! ஸ்லாஷ்! ஷேர்ர்ர்!"

சந்து முழுவதும் அதிர்ந்தது. காய்கறி வண்டி நின்றது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ராஜராஜேஸ்வரி அரிவாள்மணையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சன்னலைத் தட்டினாள்.

"ஏட்டி ஞானம், அது எங்கட்டி இருக்கு அந்தக் கடை? சீலையா, நகையா?"

"கடையில்லக்கா, என் சாப்ட்வேரு!"

அதுவும் ஒலிபெருக்கியில் போயிற்று. 'என் சாப்ட்வேரு' என்பது என்ன விலை என்று காய்கறிக்காரர் வாசலில் நின்று கேட்டார். தெருமுனையில் டீக்குவளையும் கையுமாக நின்ற ஆனந்தகுமார் தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

போனில் மன்சூர் அலிக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"அக்கா, அது ஒரே இடத்துல குடியிருக்காது. ஆளு ஒரு இடம், படம் ஒரு இடம், சாமான் ஒரு இடம்னு பிரிஞ்சுதான் கெடக்கும். அத நீங்க போயித் தேடக் கூடாது, கூப்பிடணும். சன்னல் படம் போட்ட பட்டன அமுக்கிப் பேரை அடிங்க, ஓடியாரும்."

ஞானசெல்வி விசைப்பலகையைப் பார்த்தாள். நாலு கட்டச் சன்னல் படம் போட்ட விசை இருந்தது. அவள் கை அதன் மேல் போகவில்லை.

"இது விண்டோஸ் பட்டன்லா?"

"ஆமா."

"அதான் இனிமே பேச்சுக்கே இடம் கிடையாதுன்னு சொன்னியள! இத அமுக்கினா பழைய களவாணி விண்டோஸு திரும்பி வந்துரும்னு நான் ரெண்டு நாளா இது பக்கமே விரலக் கொண்டு போகல!"

புளியங்குடிப் பந்தியே கேட்கும்படி மன்சூர் அலி சிரித்தார். "யா அல்லா! அக்கா, பட்டன்ல படந்தான் அவங்களுது. அமுக்குத விரலு உங்களுது. அமுக்குங்க!"

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். திரை விரிந்தது. பெயரில் மூன்று எழுத்து அடிக்கும் முன்னே, நீல நிற ஹெட்போன் படத்தோடு ஆடாசிட்டி வந்து நின்றது, இவ்வளவு நேரமும் பக்கத்து அறையில்தான் இருந்தேன் என்பதைப் போல.

"வந்துட்டான் பாவி!" என்று கத்தினாள். நல்லவேளை, வயர் பிடுங்கப்பட்டிருந்தது.

அதற்குமேல் அவளைப் பிடிக்க முடியுமா? கதவைச் சாத்தினாள், மின்விசிறியை அணைத்தாள். "வாங்கம்மா வாங்க! சண்முகையா அண்ணாச்சி பாத்திரக் கடை! பொண்ணுக்குச் சீர் குடுக்கணுமா, புதுவீடு பால் காய்ச்சணுமா, பழைய குக்கர் விசில் அடிக்க மறந்து போச்சா?" என்று ஒரே மூச்சில் பேசி முடித்தாள். வெட்டினாள், ஒட்டினாள், நாதஸ்வரத்தைப் பின்னால் சேர்த்தாள். பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆனந்தகுமார் கிளம்பும்போது மூன்று அடிக்கக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

சண்முகையா அவசரத்தில் மெசின் ஆட்டோ ஒன்றையும் வரச்சொல்லியிருந்தார். அது கடைவாசலில் நின்று, எவர்சில்வர் குடத்துக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்பதை இரங்கல் செய்தி போல அறிவித்துக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் துண்டை எடுத்து முகம் துடைத்தபடி கடந்து போனார்கள். ஆனந்தகுமாரின் வண்டி தேரடிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் கடைவாசலில் செருப்பு குவிந்தது. சண்முகையா மெசின் ஆட்டோக்காரரிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். அது வாயை மூடியது.

"அடுத்த மாசம் என் மச்சினன் செருப்புக்கடை தொறக்கான், தாயி. பேசிருதியா?" என்று போனில் கேட்டார்.

"பேசிருதேன் அண்ணாச்சி."

சாயங்காலம் ஞானசெல்வி தானும் கடையைப் பார்க்கப் போனாள். வாசலில் ஆட்டோ நின்று அவள் குரலைக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில், கரிவலம் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா, வியர்த்துப்போய், இவளைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"யாரு பெத்த பிள்ளையோ, என்னா கத்து கத்துதா! இவளுக்கெல்லாம் தொண்ட வலிக்காதா?"

வாயைத் திறந்தால் யாரென்று தெரிந்துவிடும். ஞானசெல்வி 'ஆமாமா, பெரிய தொல்லை' என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாளின் இடுப்பில் ஒரு புதுக் குடமும் கையில் ஒரு புதுக் குக்கரும் இருந்தன.