நன்னிலத்தில் இருக்கும் என் கையெழுத்து

தார்த்து நகரில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட அமர்ந்த அன்று, வீட்டுக்காரப் பெண்மணி மாரெத் தம் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். எஸ்டோனியாவில் இதற்குப் பேனா வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் கணினியில் செருகி, கையெழுத்துக்கென்றே தரப்பட்ட இரகசிய எண்ணை இட்டால் போதும். பேனாவால் இட்டதற்குச் சமமாகவே சட்டம் அதைக் கொள்கிறது. கருவி எனக்குப் பிடிபடவில்லை. அவர் உதவ வந்தார். நான் மரியாதை கருதி என் எண்ணை உரக்கச் சொல்லி, நீங்களே இட்டுவிடுங்கள் என்றேன். கைகளை எடுத்தபின் அவர் மெல்லிய குரலில் சொன்னார்: "இனி நான் நீங்களாக இருக்க முடியும். எனக்கு அது வேண்டாம்." எழுந்து வெளியே போனவர், நான் எண்ணை மாற்றி முடிக்கும்வரை அறைக்குள் திரும்பவில்லை. என் நம்பிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றே அன்று எனக்குத் தோன்றியது.

நன்னிலத்தை அடுத்த எங்கள் ஊரில் இத்தகைய எண்கள் தெருவில் கேட்கும். சிலிண்டர் கொண்டுவருபவருக்கு அம்மா அடுப்படியிலிருந்தே ஓடிபியைக் கூவுவார். எதிர்வீட்டுப் பார்சலுக்கான ஓடிபி எங்கள் வீட்டுக் கைபேசிக்கு வரும். உறவினரிடம் எண்ணை மறைப்பது, அவர் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திச் சாப்பிடுவதற்கு ஒப்பானது. புறப்படும்போது, ஆதாரோடு இணைந்த என் பழைய சிம்மை அம்மாவின் கைபேசியிலேயே போட்டுவிட்டு வந்தேன். எனக்கு வரும் எண்களை அம்மா படித்துச் சொல்வார். அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு முற்பகல், நூலகத்தில் இருந்தபோது அம்மா அழைத்தார். அப்பா மறைந்தபின் எங்கள் வயலின் பட்டா அம்மா பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. சாகுபடி செய்பவர் அடுத்த வயலுக்குச் சொந்தக்காரரான சித்தப்பா. இணையத்தில் அரிசி விற்கும் ஒரு நிறுவனம் இரண்டு வயல்களையும் சேர்த்து ஏழு ஆண்டுகளுக்குக் குத்தகை கேட்டிருந்தது. சித்தப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. எஞ்சியது நான்.

"உன் நம்பருக்கு ஓடிபி வந்திருக்கு. சித்தப்பா கேக்குறாங்க, சொல்லிடவா?"

எதற்கு என்று கேட்டேன். ஏதோ சம்மதமாம் என்றார். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது, சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்றார். ஆதார் வழியே வரும் அந்த எண்ணை இட்டால் நானே ஒப்பியதாகிவிடும்; அதற்குச் சில நிமிடங்களே ஆயுள். சொல்ல வேண்டாம், முதலில் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். கைபேசி கை மாறியது.

"ஏம்மா, வெளிநாடு போனா சித்தப்பாவும் ஃபிராடு லிஸ்ட்ல சேந்துடுவேனா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். விமான நிலையத்தில் என் பெட்டியைக் கடைசிவரை கீழே வைக்காதவர் அவர். இரண்டு வயல்களும் சேர்ந்து கிடைக்காவிட்டால் நிறுவனம் அவருடையதையும் விட்டுவிடும். இவ்வளவும் தெரிந்தே, படிக்காமல் முடியாது சித்தப்பா என்றேன். "சொந்தக்காரனையும் படிச்சுப் பாத்துத்தான் நம்புவியா?" என்றார். இம்முறை சிரிப்பில்லை. ஏழு குறுவைகள், வீட்டுக்கு வரும் நெல், அம்மாவின் வயதான நாட்கள் எல்லாம் ஓர் எண்ணுக்குள் காத்திருந்தன.

அம்மாவிடம் மீண்டும் கைபேசி போனதும் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அது சிலிண்டர் நம்பர் இல்லம்மா. என் கையெழுத்து."

பத்திரப்பதிவு அலுவலகத்தில், முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டுப் பேனாவைப் பிடிக்கும் அம்மா என் கண்முன் வந்தார். பிறகு அவர் குரல், என்னிடம் அல்ல: "தம்பி, இது அவ கையெழுத்தாம். அவ உசிரோட இருக்கறப்ப நான் எப்படிப் போடுறது?"

சித்தப்பா காப்பியைத் தொடாமல் எழுந்து போனதாகப் பிறகு அறிந்தேன். ஒப்பந்தம் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. சித்தப்பாவும் அந்தப் பக்கம் வரவில்லை. உன் நம்பரை நீயே எடுத்துக்கொண்டு போய்விடு, எனக்கு அது பயமாக இருக்கிறது என்கிறார் அம்மா. ஆதாரில் எண்ணை மாற்ற நான் நேரில் போய் நிற்க வேண்டும்.

அதுவரை, நூலகச் சந்தாவுக்கோ உறைவிடப் படிவத்துக்கோ இங்கே கையெழுத்திடும்போது, அறையில் எவரும் இல்லாவிட்டாலும் இடக்கையால் விசைகளை மறைத்துக்கொள்கிறேன். அதே வேளையில் நன்னிலத்தருகே, அரிசி டிரம்மின் மேல் சார்ஜில் கிடக்கும் கைபேசியில் என் பெயருக்கு ஏதேனும் வந்து ஒளிரும். அம்மா அதை எட்ட நின்று பார்ப்பார், கையில் எடுக்கமாட்டார்.