மாமனார் காவல் இருந்த டயர் அறை

1938, ஆடி மாதம். எனக்குத் திருமணமாகி ஒரு வருடம் நிறைந்திருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு, ராஜபாளையத்தில் ஒரு பஸ் ஷெட்டின் டயர் அறையில் ஓட்டை விழுந்த டியூப் ஒட்டும் வேலை பார்த்தேன்.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கினால் ஒரே புழுதி. ரப்பர் சொலூஷன் என்ற பசை தடவிய இடத்தில் மண் விழுந்தால் ஒட்டு நிற்காது. ஆகவே கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டுதான் வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது தலை கிறுகிறுக்கும், நாக்கு குழறும்.

மனைவி என் வாயை முகர்ந்து பார்த்தாள். சட்டைப் பையைத் துழாவினாள். ஒன்றும் அகப்படாததால் சந்தேகம் இன்னும் வலுத்தது.

"வாசனை தெரியாம குடிக்கப் பழகிட்டிய!"

வ. புதுப்பட்டியிலிருந்து அவள் தகப்பனார் வந்தார். மகளை அழைத்துப் போவதாகவே முடிவு. நான் கெஞ்சிய பிறகு, "நாளைக்கு ஷெட்டுக்கு வாரேன் மாப்ள. போத்தல எங்கன ஒளிச்சிருக்கியன்னு பாத்துட்டு மகளக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் அறை மூலையில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். என் தண்ணீர்ச் செம்பைக்கூட வாங்கி முகர்ந்தார். பக்கத்தில் திறந்து கிடந்த சொலூஷன் டப்பாவை அவர் பொருட்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் காரணமில்லாமல் சிரித்தார்.

"மாப்ள, செவரு நடக்குது பாருங்க."

எழுந்தார், தள்ளாடினார், வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். வெளியே நின்ற டிரைவர் கைகொட்டிச் சிரித்தார். "ஏலே, மாமனாருக்கும் ஊத்திவிட்டுட்டானே!"

காற்றில் வெகுநேரம் உட்கார்ந்த பிறகே மாமனாருக்குத் தெளிந்தது. "மொதல்ல அந்த டப்பாவ மூடுங்க" என்றார்.

வீட்டில் மகளிடம், "ஏட்டி, போத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தச் சொலூஷன் வாடைதான். எனக்கே ஏறிப்போச்சு" என்றார். அவள் நம்பாமல் அவர் வாயையும் முகர்ந்தாள். ஆனாலும் அவர் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

அதன்பின் சுவர் மறைவில், வெளியே சாக்குத் தட்டி கட்டி வேலை செய்தேன். தேவைக்கு எடுத்ததும் டப்பாவை மூடினேன். கிறுகிறுப்பு நின்றது. அந்தச் சொலூஷனில் இருந்தது பென்சீனாக இருக்கலாம் என்று பல வருடங்கள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். இனிப்பு வாடை வீசும் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். நாள்பட்டால் ரத்தத்தையே கெடுக்கும். ஒரு தீக்குச்சி போதும், பற்றிக்கொள்ளும். மாமனாரின் மடியில் அன்று சுருட்டு இருந்தது.

இன்றும் அடைத்த அறையில் இனிப்பு வாடை வந்தால், உள்ளே இருக்கும் ஆளை அல்ல, மூடிக் கிடக்கும் சன்னலைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.